தலையில் செதில் உதிர்கிறதா? தைலம் வாங்கும் முன் படியுங்கள்

இரண்டு வருடம் நான் கறுப்புச் சட்டை போடவில்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு குனிந்து உட்கார்ந்தால் அவர்களுடைய வண்ணத்தாளில் வெள்ளையாகக் கொட்டும். ஒரு சின்னப் பெண் அதை விரலால் தொட்டு, "டீச்சர், மாவு" என்று காட்டினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். என் கணவர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். தலையில் செதில் என்றால் இங்கே ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். அத்தை சொன்னபடி ஆறு மாதம் தினமும் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தேன். அது போதாதென்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூலிகை என்று விற்ற கேப்சூலை மூன்று வாரம் சாப்பிட்டேன். கடைசியில் ஆயுர்வேதம்தான் எனக்குக் கை கொடுத்தது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு மூன்று வேலைகளைச் செய்யாமல் விட்டதால்தான் இரண்டு வருடமும் கையில் இருந்த பணமும் போனது. அந்த வேலைகளை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் என்ன செதில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தலையில் செதில் உதிர்ந்தால் எல்லாமே பொடுகு என்கிறோம். அங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. பொடி பொடியாகத் தோளில் விழுவது சாதாரணப் பொடுகு. மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு, புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவந்து தோல் உரிந்தால் அது செபோரிக் டெர்மடைடிஸ். எனக்கு இருந்தது அதுதான். வெள்ளி போல மினுங்கும் தடித்த செதில், நெற்றி மயிரெல்லையைத் தாண்டி வந்து, முழங்கையிலும் முழங்காலிலும் திட்டு இருந்து, நகத்தில் ஊசி குத்தியது போலக் குழி விழுந்திருந்தால் சொரியாசிஸ் என்று சந்தேகப்பட வேண்டும். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்வது இதைத்தான்.

பிள்ளைகளுக்கு வருவதில் தனிக் கவனம் வேண்டும். வட்டமாகச் செதில் பிடித்து, அந்த இடத்தில் முடி ஒடிந்து கறுப்புப் புள்ளி போல நின்றால் அது பூஞ்சைப் படர்தாமரையாக இருக்கலாம். ஒரே சீப்பில் வீடு முழுக்கப் பரவிவிடும். அதற்கு வாய்வழி மாத்திரை வேண்டும். எந்தத் தைலமும் மயிர்க்காலுக்குள் போய் அதைத் தீர்க்காது. மொட்டை அடித்தாலும் போகாது.

ஆகவே முதல் படி அரசாங்க கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். மைகார்டு (அடையாள அட்டை) எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு மைகிட் (பிள்ளைகளுக்கான அட்டை) அல்லது பிறப்புப் பத்திரம். மைசெஜாத்ரா செயலியில் நேரம் பதிவு செய்துவிட்டுப் போனால் காத்திருப்பு குறையும். போவதற்கு ஒரு வாரம் முன்பே எண்ணெயை நிறுத்திவிடுங்கள். எண்ணெய்த் தலையில் செதிலின் நிறமும் தடிப்பும் தெரியாது. நான் எண்ணெய் வடிய வடியப் போய், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லித் திரும்பி வந்தேன், ஒரு நாள் லீவு வீண்.

டாக்டர் சொல்லும் நோயின் பெயரை எழுதி வாங்குங்கள். சந்தேகம் என்றால் செதிலைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சொரியாசிஸ் மாதிரி தெரிந்தால் தோல் நிபுணரைப் பார்க்க சூராட் ருஜுகான் (பரிந்துரைக் கடிதம்) கேளுங்கள்.

2. பதிவு பெற்ற வைத்தியரைத் தேடுங்கள்

மலேசியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016-ல் தனிச் சட்டம் வந்தது, சட்டம் 775. ஆயுர்வேதமும் சித்தமும் அதில் பாரம்பரிய இந்திய மருத்துவம் என்ற பிரிவுக்குள் வருகின்றன. வைத்தியர் அதற்கான மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும். மாட்டியில்லை என்றால் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் கேட்டபோது வைத்தியர் தானே எழுந்துபோய்ச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டகத்தோடு கழற்றிக் கையில் கொடுத்தார். இந்தியாவில் படித்தவர் என்றால் பிஏஎம்எஸ் (BAMS) என்ற ஆயுர்வேதப் பட்டம். உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு அது.

எங்கள் ஊரில் எனக்குச் சரியான ஆள் கிடைக்கவில்லை. ஈப்போவுக்குப் போனேன், முப்பது கிலோமீட்டர்தான். உங்கள் ஊரிலிருந்து பஸ் எப்போது, கடைசி பஸ் எப்போது என்று பார்த்துவிட்டு நேரம் வாங்குங்கள்.

யாரிடம் போகக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். தலையைத் தொட்டுப் பார்க்காமல் போனில் படம் அனுப்பச் சொல்லி மருந்து அனுப்புகிறவர். முதல் நாளே மூன்று மாதப் பணத்தையும் கட்டச் சொல்கிறவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறவர். இதில் கடைசி ஆளைப் பார்த்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

3. கையில் கொண்டுபோக வேண்டியவை

மைகார்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த நோயின் பெயர். தினமும் சாப்பிடும் மாத்திரைகள் அட்டையோடு. இதுவரை தலையில் போட்ட ஷாம்பு, எண்ணெய், தலைச்சாயம் எல்லாவற்றின் போத்தலும், காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த நாலைந்து படங்கள்: உச்சி, இரு பக்கம், பிடரி, காதுக்குப் பின்னால். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், சம்பளத்தோடு தொடர்புடையது. வேலைச் சட்டத்தின்படி எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற அலோபதி டாக்டருக்கும் பல் டாக்டருக்கும்தான். ஆயுர்வேத வைத்தியர் கொடுக்கும் சீட்டைத் தோட்ட ஆபீஸ் ஏற்றாக வேண்டும் என்று இல்லை. அன்றைக்கு வருடாந்திர லீவு எழுதிவிட்டுப் போவது நல்லது.

4. முதல் சந்திப்பு

அரை மணி நேரமாவது ஆகும். தலையை விட்டுவிட்டு வயிறு, தூக்கம், மலம், வியர்வை என்று கேட்பார்கள், நாக்கைப் பார்ப்பார்கள், நாடி பிடிப்பார்கள். இதெல்லாம் எதற்கு என்று எனக்கு முதலில் பொறுமை போனது. அப்புறம் புரிந்தது, எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆயுர்வேதத்தில் இந்தத் தலைச் செதிலுக்குப் பெயர் தாருணகம். மயிர் முளைக்கும் இடம் கடினமாகி, அரித்து, வறண்டு, வெடிப்பது என்று சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. கபமும் வாதமும் கெட்டு வருவதாகச் சொல்கிறது. வாதம் மிஞ்சினால் செதில் வறண்டு பொடியாக உதிரும், அங்கே எண்ணெய் தாராளமாக வேண்டும். கபம் மிஞ்சினால் பிசுபிசுத்து அப்பிக்கொள்ளும், அங்கே எண்ணெயைக் குறைத்து அலசுவதைக் கூட்ட வேண்டும். எரிச்சலும் சிவப்பும் இருந்தால் பித்தமும் சேர்ந்திருக்கிறது, சூடு தரும் பொருளைத் தவிர்ப்பார்கள்.

என் தலை இரண்டாவது வகை. ஆறு மாதம் ராத்திரி எண்ணெய் வைத்தது ஏன் கெடுத்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கிளினிக் டாக்டர் சொன்னதும் இதோடு ஒத்துப்போனது. தலையில் எல்லோருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் இருக்கிறது. அது தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வளரும். நாம் ஊற்றும் எண்ணெயில் பெரும்பாலானவையும் அதற்குச் சாப்பாடுதான். இரண்டு வைத்தியமும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்த பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: தைலத்தில் என்னென்ன இருக்கிறது, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும், எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும், உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் பஸ்பம், செந்தூரம், பாதரசம், கந்தகம் சேர்ந்திருக்கிறதா. ஆரோக்கியவர்த்தினி என்ற மாத்திரையைத் தோல் நோய்க்குக் கொடுப்பார்கள், அதில் பாதரசச் சேர்க்கை உண்டு. பொடுகுக்காக அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் முடிவு. "உலோகம் இல்லாத மருந்தாகக் கொடுங்கள்" என்று சொன்னேன், அப்படியே கொடுத்தார்.

5. தைலம் வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கும் பாரம்பரிய மருந்துக்கு இந்த நாட்டில் பதிவு எண் வேண்டும். எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கம், கடைசியில் டி (T) எழுத்து. டி என்றால் பாரம்பரிய மருந்து. கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் போட்டுத் தேடினால் பொருளின் பெயர் வரும். பெயர் பொருந்த வேண்டும், ஏனென்றால் வேறு மருந்தின் எண்ணைத் திருடி அச்சடிப்பதும் உண்டு. நாட் (NOT) என்று தொடங்கி கே (K) எழுத்தில் முடியும் எண் இருந்தால் அது அழகுப் பொருள். தலைக்கு வைக்கலாம், ஆனால் சொரியாசிஸைத் தீர்க்கும் என்று அதில் எழுதக் கூடாது. எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

நான் வாங்கிய கேப்சூலில் எந்த எண்ணும் இல்லை. இரண்டே நாளில் அரிப்பு நின்றது, நானும் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்னேன். மூன்றாவது வாரம் முகம் உப்பியது. கிளினிக்கில் அந்த டப்பாவைக் காட்டியதும் டாக்டர் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். அப்படிப்பட்ட மருந்தை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாதாம். ரொம்ப நாள் சாப்பிட்டவர்களுக்கு அது ஆபத்து, சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு உடம்பெல்லாம் வெடித்துக் கிளம்பும். டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். இரண்டு நாளில் அதிசயம் நடக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அக்காவிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன், நல்லவேளை அவர் இன்னும் வாங்கியிருக்கவில்லை.

எந்தத் தைலம்? அதை வைத்தியர் சொல்லட்டும். ஆனால் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்பீர்கள். ஒன்று துர்தூரபத்ராதி, ஊமத்தை இலையில் காய்ச்சியது. ஊமத்தை விஷம். தலைக்கு மட்டும், புண் இல்லாத தோலில் மட்டும் தேய்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கண்ணின் கருமணி விரிந்து பார்வை மங்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் தலைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலையைக் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள், சில நாளில் எண்ணெய் ஊதாவாக மாறும். வீட்டிலேயே செய்யலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே வீட்டு வாசலில் தொட்டியில் வளைத்து வளர்க்கிறோமே, வெள்ளைப் பூ மணியாகத் தொங்கும் சின்ன மரம், அது ரைட்டியா ரெலிஜியோசா. வெட்பாலை என்பது ரைட்டியா டிங்டோரியா. ஒரே குடும்பம், வேறு மரம். அதைக் கிள்ளிப் போட்டு மருந்து என்று நம்பாதீர்கள்.

6. தேய்ப்பதும் அலசுவதும்

மருந்தை விட இந்த வேலையில்தான் பலன் இருக்கிறது. நான் செய்ததை அப்படியே சொல்கிறேன், அளவை உங்கள் வைத்தியர் மாற்றுவார்.

வாரம் இரண்டு நாள், புதனும் சனியும். தைலத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்குவேன். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் மட்டும் தொட்டு வைப்பேன். முழுத் தலைக்கும் இரண்டு தேக்கரண்டி போதும். நகம் படக் கூடாது. அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ராத்திரி முழுக்க வைக்கவே கூடாது.

அந்த நேரத்தில் செதில் ஊறி மெத்தென்று ஆகும். பல் நெருக்கமில்லாத சீப்பைப் படுக்கையாகப் பிடித்து மெல்ல நகர்த்தினால் தானாகக் கழன்று வரும். கழலாததை விட்டுவிடுங்கள். சொரியாசிஸ் உள்ளவர்கள் செதிலைப் பிய்த்தால் அந்தக் காயத்திலேயே புதுத் திட்டு கிளம்பும்.

அலசுவதற்குத் திரிபலா கஷாயம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த பொடி இரண்டு மேசைக்கரண்டி, நாலு குவளை தண்ணீர், பாதியாக வற்றவிட்டு ஆற வைக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம்தான் நல்லது. இரும்புச் சட்டியில் வைத்தால் மை போலக் கறுத்து, துண்டெல்லாம் கறையாகும். எனக்கு இரண்டு துண்டு போனது. இன்னொன்று, மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். சரியாக வடிகட்டாவிட்டால் பொடி மயிர்க்காலில் தங்கி, காய்ந்ததும் செதில் மாதிரியே உதிரும். மருந்து பிடிக்கவில்லை என்று நான் இரண்டு வாரம் கலங்கியது இந்தப் பொடியைப் பார்த்துத்தான். சீயக்காய்ப் பொடியும் அரப்புப் பொடியும் இப்படியே தங்கி உதிரும்.

எண்ணெய்ப் பசை போகக் கொஞ்சம் அரப்பு, கடைசியாகக் கஷாயம், அப்புறம் வெறும் தண்ணீர். முடியை நன்றாகக் காயவிட்டு முடியுங்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரக் கொண்டை போட்டால் செய்ததெல்லாம் வீண்.

டாக்டர் கீட்டோகோனசோல் ஷாம்பு கொடுத்திருந்தால் அதை நிறுத்த வேண்டியதில்லை. தைலம் வைக்காத வேறு நாளில், நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் வைத்து அலசுங்கள். நான் முதல் நாலு வாரம் இரண்டையும் செய்தேன், வைத்தியருக்கும் டாக்டருக்கும் சொல்லிவிட்டுத்தான்.

தோட்டத்தில் தொப்பி போட்டு வேலை செய்கிறவர்கள் உள்ளே பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள், தினமும் துணியை மாற்றுங்கள், தொப்பியின் உள்பட்டையைக் கழற்றிக் கழுவுங்கள். என் கணவர் அந்தப் பட்டையைக் கழற்றியபோது அதில் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

வீட்டு வைத்தியத்தில் மூன்றை விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் நெற்றியிலும் கழுத்திலும் தீப்பட்டது போலக் கொப்பளித்துக் கறுத்துவிடும், வெளிவேலைக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. கற்பூரம் கரைத்த எண்ணெய், பிள்ளைகள் வாயில் போனால் வலிப்பு வரும். மருதாணியை, பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு என்று சொன்ன குழந்தைக்குத் தேய்க்கக் கூடாது, ரத்தச் சிவப்பணு உடையும். கறுப்பு மருதாணி என்று விற்பது தலைச்சாயம் கலந்தது, அதை யாருமே தொட வேண்டாம்.

7. சாப்பாடு

ராத்திரித் தயிர், பாலோடு மீன், ரொம்பப் புளிப்பு, உப்பு, பகல் தூக்கம், இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். நான் கருவாட்டையும் ராத்திரித் தயிரையும் குறைத்தேன், தே தாரிக்கை (ஆற்றிய பால் தேநீரை) ஒரு குவளையாக்கினேன். எது உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கம் கெட்ட வாரங்களில் அரிப்பு கூடியதை மட்டும் நிச்சயமாகக் கண்டேன்.

8. செலவும் காலமும்

மூன்று மாதத்தில் எனக்கு ஆனது: முதல் பார்வை 60 ரிங்கிட், அப்புறம் இரண்டு தடவை 40 வீதம், தைலம் மூன்று போத்தல் 105, உள்ளுக்குக் கஷாயம் 120, பொடிகள் 40, போக்குவரத்து 60. மொத்தம் 465 ரிங்கிட், கிளினிக்கின் 1 ரிங்கிட் தனி. பொடிகளை ஈப்போ லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன், பொட்டலமாக வாங்கினால் விலை குறைவு. ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மருந்து மோரைத் தலையில் தாரையாக விடும் தக்ரதாரையும் சொல்வார்கள். ஏழு நாளோ பதினாலு நாளோ தொடர்ந்து போக வேண்டும், பணமும் லீவும் நிறைய வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது வாரம் அரிப்பு குறைந்தது. நாலாவது வாரம் செதில் பாதியானது. எட்டாவது வாரம் தலை சுத்தம். அதோடு விட்டுவிட்டால் திரும்பி வரும், இது அடியோடு போகும் நோய் இல்லை. இப்போது பத்து நாளுக்கு ஒரு தடவை மட்டும் செய்கிறேன். நாலு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இன்னொரு போத்தல் வாங்காமல் முதல் படிக்கே திரும்பிப் போங்கள், நோயின் பெயரே தப்பாக இருக்கலாம்.

9. உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

நீர் வடிதல், சீழ், காய்ச்சல், கழுத்தில் கட்டி. கொத்தாக முடி கொட்டி வழுக்கை விழுதல். மூட்டு வலியும் விறைப்பும் சேர்ந்து வருதல், சொரியாசிஸ் மூட்டைத் தாக்கும்போது அப்படி வரும். தைலம் வைத்த சில மணி நேரத்தில் முகம் வீங்குதல். இதைத் தவிர்க்க, புதுத் தைலத்தை முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் போத்தல் மூடியில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். எண்ணெயில் சிக்கு வாடை வந்தால், பாதி மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.